லிங்க் கொடுத்தும் தேதி நகரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு பாசன வாய்க்காலின் தலைப்பு மதகை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் அட்டவணை போட்டு, வேலைகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக லிங்க் கொடுத்திருக்கிறீர்கள். மண்மூட்டைத் தடுப்பு போடுவது 6 நாள் தள்ளிப்போனது. அதை அட்டவணையில் ஏற்றினால் ராஃப்ட் கான்கிரீட், அதாவது அடித்தளத் தளம், இருந்த இடத்திலேயே நிற்கிறது, பக்கச்சுவர் 6 நாளுக்குப் பதிலாக 8 நாள் தள்ளிப்போகிறது, கரைச்சரிவில் கல் பதிக்கும் வேலை காரணமே இல்லாமல் ஜூன் கடைசிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. மென்பொருளில் கோளாறா, லிங்க் கொடுத்ததில் தப்பா என்று கேட்கிறீர்கள்.

தம்பி, பெரும்பாலும் இரண்டும் இருக்காது. லிங்க் கொடுத்துவிட்டால் தேதியை லிங்க் மட்டுமே முடிவு செய்யும் என்று நினைத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு வேலை எந்த நாளில் தொடங்கும் என்று கணக்குப் போடும்போது மென்பொருள் பல விஷயங்களைப் பார்க்கிறது. முந்தைய வேலைகள் முடியும் நாள், லிங்க்கில் கொடுத்திருக்கும் இடைவெளி, அந்த வேலைக்கு யாராவது போட்டுவைத்த தேதிக் கட்டுப்பாடு, காலண்டர், ஆளோ வண்டியோ கிடைக்கும் நாள், ஒரே ஆளோ வண்டியோ இரண்டு வேலையில் மோதாமல் இருக்க ரிசோர்ஸ் லெவலிங் செய்தபோது சேர்ந்த தாமதம், இத்தனையும் உண்டு. இவற்றில் எது கடைசி நாளைச் சொல்கிறதோ அந்த நாளில்தான் வேலை நிற்கும். அப்புறம், வேலை நிஜமாகவே தொடங்கிவிட்டது என்று பதிவு செய்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் அதன் தொடக்கத் தேதியைத் தொடாது. ஆகவே உங்கள் கேள்வியை "ஏன் நகரவில்லை" என்று வைத்துக்கொள்ளாமல் "எது இதைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலை மேல்நோக்கி நடந்து எந்த மதகு அடைத்திருக்கிறது என்று பார்ப்போம் இல்லையா, அதே வழிதான் இங்கேயும்.

அப்படி நடந்து பார்க்க மென்பொருளுக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. ஆச்சரியமாக, பல வருடம் இதிலேயே வேலை செய்கிறவர்கள்கூட அதைத் திறந்து பார்ப்பதில்லை. டாஸ்க் என்ற தாவலில் இன்ஸ்பெக்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். நகராத வரியைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பட்டை திறக்கும். இந்த வேலையின் தொடக்கத் தேதியை எது தீர்மானிக்கிறது, எந்த முன்வேலை, எந்த லிங்க், எந்தக் கட்டுப்பாடு, எந்தக் காலண்டர் என்று அதுவே சொல்லும். 2013 பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ வேலை செய்தால் ஃபார்மேட் தாவலில் டாஸ்க் பாத் என்று இன்னொன்று உண்டு, அதில் டிரைவிங் பிரெடிசெஸர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலையை உண்மையில் தள்ளிக்கொண்டு வரும் வேலைகள் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். வேலையைக் காட்டும் படத்துப் பட்டையை மவுஸால் இழுத்துப் பார்ப்பது, தேதியை அழித்துக் கையால் அடிப்பது, லிங்க்கை எடுத்துவிட்டு மறுபடி கொடுப்பது, இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். கையால் தேதி அடித்தால் நோய் இன்னும் கூடும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, ராஃப்ட் கான்கிரீட்டுக்கு வருவோம். முன்வேலை பின்னால் போயும் இது அசையவில்லை. எனக்கு முதல் சந்தேகம் டாஸ்க் மோட் மேல்தான். 2010 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் இரண்டு விதமான வேலைகள் உண்டு, ஆட்டோ ஷெட்யூல்டு ஒன்று, மேனுவலி ஷெட்யூல்டு ஒன்று. புதிதாகச் சேர்க்கும் வேலைகள், நீங்கள் மாற்றிவைக்காதவரை, மேனுவல் ஆகத்தான் விழும். மேனுவல் வேலை என்றால் "தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே" என்று மென்பொருளுக்குச் சொன்ன மாதிரி. லிங்க் கோடு திரையில் அழகாகத் தெரியும், முதல் தடவை லிங்க் கொடுக்கும்போது தேதியும் ஒருமுறை நகரும், அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். பிறகு முன்வேலை தள்ளிப்போனால் அது அசையாது, தேதிக்குக் கீழே சிவப்பு வளைகோடு போட்டு எச்சரிப்பதோடு நின்றுவிடும். டாஸ்க் மோட் என்ற நெடுவரிசையில் குண்டூசிப் படம் தெரிந்தால் அது மேனுவல். ஒன்றிரண்டு வரிதான் என்றால் தேர்ந்தெடுத்து ஆட்டோ ஷெட்யூல் பொத்தானை அழுத்துங்கள். அந்த இடத்திலேயே ரெஸ்பெக்ட் லிங்க்ஸ் என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது, அது வேலையை லிங்க் சொல்கிற நாளுக்கு ஒருமுறை நகர்த்தும், ஆனால் வேலை மேனுவலாகவே இருக்கும், அடுத்த வாரம் இதே கதை திரும்ப நடக்கும். ஆகவே மாற்றினால் முழுதாக ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் என்று போய்ப் புது வேலைகள் எல்லாம் ஆட்டோவாக வரும்படி இப்போதே வைத்துவிடுங்கள். கட்டுமான அட்டவணையில் மேனுவல் வேலைக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. இன்னும் விவரம் தெரியாத வேலையைக் குறித்துவைக்க அது உதவும் என்பார்கள், அதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதிவைத்தால் போதும்.

டாஸ்க் மோட் ஆட்டோவாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்தது லிங்க்கின் வகை. பிரெடிசெஸர்ஸ் நெடுவரிசையைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அது ஃபினிஷ் டு ஸ்டார்ட், அதாவது முன்வேலை முடிந்தால்தான் இது தொடங்கும். எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் ஸ்டார்ட் டு ஸ்டார்ட். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மண்மூட்டைத் தடுப்பு தொடங்கியது அன்றுதான், ஆனால் முடிய 6 நாள் கூடுதலாக ஆனது என்று காலஅளவை மட்டும் நீட்டினீர்கள் என்றால், அதன் தொடக்கத்தோடு கட்டப்பட்ட வேலைக்கு எதுவும் தெரியாது, அது ஏன் நகரப் போகிறது? தண்ணீர் இறைப்பதையும் தடுப்பு போடுவதையும் இப்படி எஸ்.எஸ். போட்டுக் கட்டுவது நம் பக்கம் வழக்கம்தான், பாதித் தடுப்பு எழுந்ததுமே மோட்டாரை இறக்கிவிடுவோம். அதில் தப்பில்லை. ஆனால் எஸ்.எஸ். கொடுத்த இடத்தில் முடிவையும் முடிவையும் கட்டும் இன்னொரு லிங்க் இருக்க வேண்டும், தடுப்பு முடியாமல் இறைப்பு முடிய முடியாது என்று. ஒரே ஜோடி வேலைக்கு இரண்டு லிங்க் கொடுக்க மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் விடாது. ஆகவே தடுப்பை இரண்டு வரியாகப் பிரித்து, முதல் பாதி முடிந்ததும் இறைப்பு தொடங்கும், இறைத்து முடிந்து, இரண்டாம் பாதித் தடுப்பும் முடிந்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுவது என்று கட்டினால் கணக்கு நிஜத்தோடு ஒட்டும்.

மூன்றாவது, தொடங்கிவிட்டதாகப் பதிவான வேலை. யாராவது ராஃப்ட் வரியில் பெர்சன்ட் கம்ப்ளீட்டில் 5 என்றோ 10 என்றோ போட்டிருந்தால், கம்பி கட்டும் வேலை கொஞ்சம் ஆகிவிட்டது என்று போடுவார்கள், அந்த நொடியே மென்பொருள் ஆக்சுவல் ஸ்டார்ட் தேதியை நிரப்பிவிடும், அதுவும் திட்டத்தில் அப்போது இருந்த தொடக்கத் தேதியை எடுத்து நிரப்பும். நடந்து முடிந்த ஒன்றை எந்த லிங்க்காலும் நகர்த்த முடியாது. பில்லுக்காகச் சதவீதம் ஏற்றுகிறவரும் அட்டவணை பார்க்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஆக்சுவல் ஸ்டார்ட் நெடுவரிசையைத் திறந்து, தொடங்காத வேலைக்குத் தேதி இருந்தால் சதவீதத்தைப் பூஜ்யமாக்குங்கள், தேதி போய்விடும்.

நான்காவது ஒன்றும் உண்டு, அது கோளாறே கிடையாது. ராஃப்ட்டுக்குத் தடுப்பு வரிசை மட்டும்தான் முன்வேலையா? கம்பி வந்து சேர்வதும் முன்வேலையாக இருந்து, அந்த நாள் இன்னும் பின்னால் இருந்தால், தடுப்பு 6 நாள் தாமதமானாலும் ராஃப்ட் நகரத் தேவையில்லை. இடையில் இருந்த ஓய்வு நாட்களைத் தாமதம் தின்றுவிட்டது, அவ்வளவுதான். இன்ஸ்பெக்ட் பட்டையில் கம்பி வரிதான் காரணம் என்று வந்தால் சந்தோஷமாக விட்டுவிடுங்கள்.

இப்போது தேதிக் கட்டுப்பாடு, அதாவது கன்ஸ்ட்ரெயின்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கெட்டுப்போன அட்டவணைகளில் பெரும்பாலானவை இதனால்தான் கெட்டிருந்தன. ஆட்டோ வேலை ஒன்றின் ஸ்டார்ட் கட்டத்தில் நீங்கள் கையால் ஒரு தேதி அடித்தால், அதை ஒரு தகவல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதில்லை, கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட் நோ எர்லியர் தேன், இந்த நாளுக்கு முன் தொடங்காதே, என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஃபினிஷ் கட்டத்தில் அடித்தால் ஃபினிஷ் நோ எர்லியர் தேன். பட்டையை மவுஸால் நகர்த்தினாலும் அதேதான். எக்செல்லில் தேதியோடு போட்டு வைத்த அட்டவணையை அப்படியே வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டுப்பாடு. காண்ட்ராக்டர் ஆபீஸ்களில் எக்செல்லில்தான் முதலில் வேலைப்பட்டியல் பிறக்கிறது, அதனால் இது நம் ஊரில் ரொம்பவே அதிகம். ஒட்டும்போது வேலையின் பெயரையும் காலஅளவையும் மட்டும் எடுத்து ஒட்டுங்கள், தேதி நெடுவரிசைகளைத் தொடவே வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாட்டின் குணம் என்னவென்றால், பின்னால் போவதைத் தடுக்காது, முன்னால் வருவதை மட்டும் தடுக்கும். முன்வேலை இந்த நாளைத் தாண்டிப் போனால் இதுவும் சேர்ந்து போகும், ஆகவே லிங்க் வேலை செய்கிறது என்று நினைப்போம். வேலையாட்களைக் கூட்டி 4 நாள் மிச்சம் பிடித்து, முன்வேலையைச் சுருக்கிப் பார்த்தால்தான் பின்வேலை முன்னால் வராமல் அங்கேயே நிற்பது தெரியும். மிச்சம் பிடித்த 4 நாளும் அட்டவணையில் காணாமல் போய்விடும். உங்கள் ராஃப்ட்டுக்கும் இது பொருந்தலாம், கட்டுப்பாட்டுத் தேதிக்கும் முன்வேலை முடியும் தேதிக்கும் நடுவே முன்பு ஒரு வாரம் இடைவெளி இருந்திருந்தால் 6 நாள் தாமதத்துக்கு அது அசையாது. இடதுபக்க இண்டிகேட்டர்ஸ் நெடுவரிசையில் சின்னக் காலண்டர் படம் இருந்தால் அந்த வரியில் கட்டுப்பாடு இருக்கிறது, மவுஸை மேலே வைத்தால் என்ன வகை, எந்தத் தேதி என்று தெரியும்.

எடுப்பது சுலபம். கன்ஸ்ட்ரெயின்ட் டைப் என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபைலின் நகல் ஒன்றை முதலில் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் வரிவரியாகப் பார்த்து ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் என்று மாற்றுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக மாற்றவும் வழி உண்டு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். சில கட்டுப்பாடுகளுக்கு நியாயமான காரணம் இருக்கும். உதாரணமாக மதகுக் கதவான ஷட்டரைப் பொருத்தும் வேலையை ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் தொடங்க முடியாது, ஏனென்றால் பட்டறையில் இருந்து ஷட்டர் வருவதே அன்றைக்குத்தான். அந்த மாதிரி இடங்களில் கட்டுப்பாட்டை வேலையின் தலையில் வைக்காமல், "ஷட்டர் சைட்டுக்கு வந்து சேர்தல்" என்று காலஅளவு பூஜ்யமாக ஒரு வரி போட்டு, தேதியை அதில் வைத்து, அதிலிருந்து ஷட்டர் பொருத்தும் வேலைக்கு லிங்க் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் திறந்து பார்த்தாலும் தேதி ஏன் அங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரியும். உங்களுக்குமே புரியும்.

மஸ்ட் ஸ்டார்ட் ஆன், மஸ்ட் ஃபினிஷ் ஆன் என்ற இரண்டும் இதைவிடக் கடுமையானவை. ஷெட்யூல் ஆப்ஷன்ஸில் டாஸ்க்ஸ் வில் ஆல்வேஸ் ஹானர் தேர் கன்ஸ்ட்ரெயின்ட் டேட்ஸ் என்று ஒரு டிக் இருக்கும், சாதாரணமாக அது போட்டேதான் வரும். அது போட்டிருக்கும்வரை இந்தக் கட்டுப்பாடு உள்ள வேலை லிங்க்கை மதிக்காது, முன்வேலை முடியாவிட்டாலும் தன் நாளில் தொடங்கி நிற்கும். இப்படிக் கடுமையான கட்டுப்பாடு ஒரு மதகு வேலை அட்டவணையில் ஒரே ஒரு இடத்தில் இருக்கலாம் என்பேன். அது தண்ணீர் வரும் நாள்.

மேட்டூரில் வழக்கமாக ஜனவரி 28 அடைப்பு, ஜூன் 12 திறப்பு. நடுவில் உள்ளது 135 நாள், ஆனால் தாளடி அறுவடை, வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் வடிவது எல்லாம் போக வேலைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு என்று உங்களுக்கே தெரியும். அந்த ஜூன் 12 கூட உறுதி இல்லை, 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வந்து அங்கே திறக்க மூன்று நாலு நாள், அங்கிருந்து உங்கள் தலைப்புக்கு எத்தனை நாள் என்பது முறை வைக்கும் விதத்தைப் பொறுத்தது. இதை நம்பி அட்டவணையின் கடைசி நாளைத் தள்ளி வைக்காதீர்கள், ஜூன் 12-ஐயே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் திறப்பு" என்று காலஅளவு பூஜ்யமாக ஒரு வரி, அதற்கு மஸ்ட் ஸ்டார்ட் ஆன், தேதி ஜூன் 12. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நடக்கும் வேலைகளில் கடைசியாக முடிகிற ஒவ்வொன்றையும் அதற்கு முன்வேலையாகக் கட்டுங்கள். இங்கே கட்டுப்பாடு லிங்க்கை மீறி நிற்பதுதான் நமக்கு வேண்டும், தண்ணீர் நம் கான்கிரீட்டுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. வேலை தாமதமானால் மென்பொருள் ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டும், மிச்சம் இருக்கும் நாளைக் காட்டும் டோட்டல் ஸ்லாக் நெடுவரிசையில் கழித்தல் குறியோடு எண் வரும். மைனஸ் 5 என்றால் 5 நாள் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். முன்கூட்டியே திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் அந்த ஒரே வரியில் தேதியை மாற்றினால் போதும், எந்தெந்த வேலையில் எவ்வளவு குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கு அதுதான்.

அதை விட்டு, ஒவ்வொரு வேலைக்கும் "இந்த நாளுக்குள் முடி" என்று தனித்தனியாகக் கட்டுப்பாடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தனி வேலைக்கு ஒரு கெடு காட்ட வேண்டும் என்றால் டாஸ்க் இன்ஃபர்மேஷனில் அட்வான்ஸ்டு பக்கத்தில் டெட்லைன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது தேதியை நகர்த்தாது, பிடித்தும் வைக்காது, கெடு தாண்டினால் சிவப்புக் குறி காட்டும், அவ்வளவே.

பக்கச்சுவரின் 8 நாளுக்கு வருவோம். இது காலண்டர் என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டோடு வரும் ஸ்டாண்டர்ட் காலண்டரில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை, காலை 8 முதல் 12, மதியம் 1 முதல் 5. திங்களில் தொடங்க வேண்டிய வேலை 6 வேலை நாள் தள்ளினால் அடுத்த வாரம் செவ்வாய்க்குப் போகும், நடுவில் சனி ஞாயிறு இரண்டும் விழுந்துவிடும், ஆக 8 நாள். நம் சைட்டில் சனிக்கிழமை வேலை உண்டு, தண்ணீர் வரும் நாள் நெருங்கினால் ஞாயிறும் உண்டு. சேஞ்ச் ஒர்க்கிங் டைமில் போய்ப் புதுக் காலண்டர் ஒன்று உருவாக்கிச் சனிக்கிழமையை வேலைநாளாக்குங்கள், பொங்கல், சித்திரை முதல் நாள், மே 1 மாதிரி விடுமுறைகளையும் சேருங்கள். இதைப் பலர் சரியாகச் செய்துவிட்டு, ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷனில் அந்தக் காலண்டரைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடுவார்கள். காலண்டர் ஃபைலுக்குள் இருக்கும், அட்டவணை பழைய ஸ்டாண்டர்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, ஆப்ஷன்ஸில் ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்று இருக்கும். 6 நாள் வாரத்துக்கு மாறினால் 40-ஐ 48 ஆக்குங்கள், இல்லாவிட்டால் "1 வாரம்" என்று கொடுத்த வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும்.

நேரக் கணக்கிலும் ஒரு தொல்லை வரும். காலண்டரில் மாலை 6 வரை வேலை என்று வைத்து, ஒரு நாளுக்கு 8 மணி என்பதை மாற்றாமல் விட்டால், ஒரு நாள் வேலை 5 மணிக்கே முடிந்து அடுத்த வேலை அன்று 5 மணிக்கே தொடங்கும், ஒரு நாள் வேலை இரண்டு தேதியில் பரவிக் கிடக்கும், போகப்போக எல்லாம் ஒரு நாள் முன்பின்னாகத் தெரியும். ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில் தேதியோடு நேரமும் தெரியும்படி டேட் ஃபார்மேட்டை மாற்றிப் பாருங்கள், இந்த மாதிரிக் கோளாறுகள் எல்லாம் பட்டென்று கண்ணுக்குத் தெரியும்.

காலண்டரைப் பேசும்போதே, கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடும் க்யூரிங்கையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும், வெயில் காயும் காலத்தில் இதை 10-ஆகவும் 14-ஆகவும் வைக்கச் சொல்கிறது. நம் வேலை நடப்பதே மார்ச் முதல் மே வரை, ஆகவே பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்லாபின் முட்டு எடுக்க, தாங்கல்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்பேனுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இதையெல்லாம் லிங்க்கில் லேக் ஆக, அதாவது இடைவெளியாக, வெறும் 7 நாள் என்று கொடுத்தால் அது வேலை நாளாக எண்ணும், ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேராது, 7 நாள் 8 நாளாகும், 14 நாள் 16 ஆகும். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும். எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இ, டி என்று இரண்டு எழுத்து சேர்த்து அடித்தால் அது எலாப்ஸ்டு டேஸ், அதாவது விடுமுறை பார்க்காமல் ஓடும் நாள் கணக்கு. லேக்குக்கும் பொருந்தும், காலஅளவுக்கும் பொருந்தும். நானாக இருந்தால் க்யூரிங்கை லேக்காக வைக்க மாட்டேன், தனி வரியாக, ஓடும் நாள் கணக்கில் ஒரு வேலையாக வைப்பேன். லேக் பிரெடிசெஸர்ஸ் கட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கும், நெருக்கடியில் யாராவது அதைச் சுருக்கினால் பார்ப்பவருக்குத் தெரியாது. தனி வரியாக இருந்தால், க்யூரிங்கைக் குறைக்கிறோம் என்பது எல்லார் கண்ணிலும் படும்.

ஜூன் கடைசிக்குப் போன கல் பதிக்கும் வேலைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அதன் கன்ஸ்ட்ரெயின்ட் டைப் ஆஸ் லேட் ஆஸ் பாசிபிள் என்று இருக்கும். பின்வேலை எதுவும் கட்டப்படாமல் இப்படி ஒரு வரி இருந்தால், திட்டம் முடியும் நாள் வரை அது நழுவிப் போய் நிற்கும். ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷனில் ஷெட்யூல் ஃப்ரம் என்பது முடிவுத் தேதியில் இருந்து என்று ஒரு சமயம் மாறியிருந்தால், அப்போது சேர்த்த வேலைகள் எல்லாம் இந்தக் கட்டுப்பாட்டோடுதான் பிறந்திருக்கும். தொடக்கத் தேதிக்கு மாற்றினாலும் பழைய வரிகளில் கட்டுப்பாடு அப்படியே தங்கிவிடும். இரண்டாவது, லெவலிங். கல் பதிப்பதற்கும் அஸ்திவாரம் தோண்டுவதற்கும் ஒரே ஹிட்டாச்சியை, அதாவது மண் தோண்டும் வண்டியை, ரிசோர்ஸாகப் போட்டிருந்து யாராவது லெவல் பொத்தானை அழுத்தியிருந்தால், மோதல் வராமல் இருக்க மென்பொருள் ஒரு வேலையைத் தள்ளி வைக்கும். லெவலிங் டிலே என்ற நெடுவரிசையைத் திறங்கள், அதில் எண் இருந்தால் இதுதான். கிளியர் லெவலிங் கொடுத்தால் போய்விடும், ஆனால் ஒரே வண்டிதான் இருக்கிறது என்றால் அந்த மோதல் நிஜம், அதை நீங்களே லிங்க் கொடுத்து வரிசைப்படுத்துவது நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். "அஸ்திவார வேலைகள்" மாதிரி தலைப்பு வரிகளுக்கு லிங்க் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தலைப்பில் கொடுத்த முன்வேலை அதன் கீழுள்ள எல்லா வேலைகளையும் சேர்த்துப் பிடித்துவைக்கும், அந்தக் காரணம் கீழ் வரியில் தேடினால் கிடைக்காது. லிங்க் எப்போதும் வேலைக்கும் வேலைக்கும்தான். எந்த வரியுமே நகராவிட்டால் ஆப்ஷன்ஸில் கால்குலேட் என்பது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், எஃப்9 அழுத்திப் பாருங்கள். இன்னொரு அட்டவணை மென்பொருளான பிரைமவெராவில் இருந்து வந்தவர்களுக்கு எஃப்9 கைப்பழக்கம், அதில் அழுத்தினால்தான் தேதியே நகரும். இன்னொரு ஃபைலில் இருக்கும் வேலையோடு லிங்க் கொடுத்திருந்தால், அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றியதும் தேதி பழையதிலேயே உறைந்துவிடும், லிங்க்ஸ் பிட்வீன் ப்ராஜெக்ட்ஸ் என்ற பெட்டியில் புது இடத்தைக் காட்ட வேண்டும். வாராவாரம் அப்டேட் ப்ராஜெக்ட் போட்டு, முடியாத வேலையை இன்றைக்குப் பிறகு தள்ளுகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள், தொடங்காத வேலைகளை அப்படித் தள்ளும்போது அவற்றின் மேல் ஸ்டார்ட் நோ எர்லியர் தேன் கட்டுப்பாடு விழும்.

செய்ய வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நகல் எடுத்துவிட்டு, டாஸ்க் மோட், கன்ஸ்ட்ரெயின்ட் டைப், கன்ஸ்ட்ரெயின்ட் டேட், ஆக்சுவல் ஸ்டார்ட், லெவலிங் டிலே, டோட்டல் ஸ்லாக் ஆகிய நெடுவரிசைகளை பிரெடிசெஸர்ஸுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காலண்டரைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அது மாறினால் எல்லாத் தேதியும் மாறும். பிறகு மேனுவல் வரிகள், அதன் பிறகு கட்டுப்பாடுகள், கடைசியில் லெவலிங். ஒவ்வொன்றையும் மாற்றியபின் தடுப்பு வேலையின் காலஅளவை 10 நாள் கூட்டி, பின்வேலைகள் எல்லாம் போகின்றனவா என்று பாருங்கள், அப்புறம் 10 நாள் குறைத்து, திரும்பி வருகின்றனவா என்றும் பாருங்கள். போவதை மட்டும் பார்த்தால் போதாது, திரும்பி வரவும் வேண்டும். இதற்குப் பிறகும் ராஃப்ட் நின்றால், அந்த வரியின் பிரெடிசெஸர்ஸ் கட்டத்தில் இருப்பதையும் இன்ஸ்பெக்ட் பட்டையில் வருவதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.